பதினேழு அடி

அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே
பதினேழு அடி.
நடைபாதையில் எண்ணுவதைத் தவிர
எனக்கு வேறு வேலையில்லை.

டூவும்பா. ஜூலை. மலைமேல் ஊர்.
பத்து மணிக்கும் ஜன்னலில் மூடுபனி.
இடது அறையில் டெஸ்லி ஹார்ட்னப்,
பதினொரு வருடமாக
இன்னொருவர் பெயரில் ரொட்டி சுட்டவள்.
வலது அறையில்
அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் அனுப்பிய
கோர்பின் வேஸியும் ஒரு வழக்கறிஞரும்.

டெஸ்லி சொன்னாள்:
அடுப்பை அவர்கள் காட்டிய இடத்தில்தான் வாங்க வேண்டும்,
எண்பத்தாறாயிரம் டாலர்.
மாவு அவர்களிடம். காகித உறைகூட அவர்களிடம்.
போன மார்ச்சில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
அதே பெயர், அதே மஞ்சள் பலகை,
இன்னொரு கடை.
"என் கூரையிலேறி நின்றால் தெரிகிறது" என்றாள்.
ஏறிப் பார்த்திருக்கிறாள்.

கோர்பின் சொன்னார்:
எல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் காட்டட்டும்.
இல்லை. நான் படித்திருக்கிறேன்.
கையெழுத்து அவருடையதுதானே?
அவருடையதுதான்.

நான் தீர்ப்புச் சொல்பவள் அல்ல.
சொல்லாமலிருக்கத்தான் எனக்குக் கூலி.
கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வருடம்,
அடுப்பின் விலையை வக்கீல்கள் தின்றுவிடுவார்கள்,
இது இரண்டு அறைக்கும் தெரியும்.
தெரிந்தேதான் கத்தினார்கள்.

ஒரு துண்டுச் சீட்டில் ஒரு எண்.
வாங்கிப் பார்த்து டெஸ்லி சிரித்தாள், நல்ல சிரிப்பல்ல.
அவள் எழுதிய எண்ணைப் பார்த்து
வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வசவுகளை நடைபாதையில் போட்டுவிட்டு
எண்ணை மட்டும் எடுத்துப் போனேன்,
எடுத்து வந்தேன்.
அந்தக் கம்பளத்தை யாராவது உதறினால்
என்னென்ன உதிருமோ.

மூன்று மணிக்குத் தொகை படிந்துவிட்டது.
பேனா மூடியைத் திறந்தவள் நிறுத்தினாள்.
"பன்?"

மிளகு போட்ட பூசணி பன்.
ஒரு மழைநாளில், மீந்த பூசணியை வீணாக்க மனமில்லாமல்
அவள் சுட்டது.
இப்போது முப்பத்தெட்டுக் கடைகளில் விற்கிறது.
கடையில் பிறந்ததெல்லாம் கம்பெனிக்கே என்கிறது
இருபத்திரண்டாம் பிரிவு.
முழுப் பூசணிக்காயை மறைக்க
எவ்வளவு சோறு வேண்டும்?
நாற்பத்தொரு பக்கம் போதும்.

"காசு வேண்டாம். இனி நான் அதைச் சுட்டால்
வழக்குப் போடுவார்களா, கேட்டு வா."

கேட்டேன். போடுவோம் என்றார் வழக்கறிஞர்.
கோர்பின் அவரைக் காபி வாங்க அனுப்பினார்.
கதவு சாத்தியபின் மேஜையைப் பார்த்துப் பேசினார்:
முதல் பன்னை அவள் கடையில் நின்றபடி தின்றேன்.
சூடாக இருந்தது.
அறிக்கையில் என் யோசனை என்று எழுதினேன்.
அதற்குத்தான் இந்தப் பதவி.
"அந்த அறையில் இதைச் சொல்லக் கூடாது."

பதினேழு அடி.
அன்று நான் நடந்ததில் இதுதான் நீளம்.
வாய்க்குள் சுடுகிற ஒன்றை
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

"பன்னை விட்டுக்கொடுக்கிறார்கள்" என்றேன்.
"ஏன்?"
"சொல்ல எனக்கு அனுமதி இல்லை."
வெகுநேரம் என்னையே பார்த்தாள்.
பாதி கண்டுபிடித்திருப்பாள்.
மீதிப் பாதி தேவையில்லை போல, கையெழுத்திட்டாள்.

அடுப்பு பாதி விலைக்குத் திரும்பியது.
தொலைபேசி எண் கம்பெனிக்கே போனது,
அதில் அவள் தோற்றாள்.
ஆறு மாதம் வேறு கடை திறக்கக் கூடாது.
மஞ்சள் பலகையைத் தானே இறக்குவேன் என்றாள்,
ஏணி வாடகையை அவர்கள் கொடுக்கட்டும் என்றாள்.
கொடுத்தார்கள். நாற்பது டாலர்.

கை குலுக்கவில்லை.
கார் நிறுத்துமிடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்,
அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அறையில் பேசியது அறையோடு, அதுதான் விதி.
ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊரையும்.
பூசணிகூடப் பூசணி அல்ல.

அடிகளை மட்டும் மாற்றவில்லை.